வீட்டு சர்வரை வீட்டுக்குள்ள ஒரே பேர்ல திறக்க நெட்வொர்க்கை எப்படி செட் பண்றது

வீட்ல ஒரு பழைய லேப்டாப்லயோ மினி பிசிலயோ ராஸ்பெரி பைலயோ ஜெல்லிஃபின் (படம் பார்க்க), இம்மிச் (போட்டோ வைக்க), நெக்ஸ்ட்க்ளவுட் (ஃபைல் வைக்க)னு ஏதாவது போட்டு ஓட்ட ஆரம்பிச்சா கொஞ்ச நாள்லயே இந்த தலைவலி வந்துரும், சர்வர் பக்கத்து ரூம்ல தான் இருக்கு, ஆனா மொபைல்ல அதை திறக்க 192.168னு ஆரம்பிக்கிற ஐபி நம்பரை போர்ட்டோட (ஒரே மெஷின்ல ஒவ்வொரு ஆப்புக்கும் இருக்கற கதவு நம்பர்) சேத்து ஞாபகம் வச்சு அடிக்கணும், இல்லன்னா வெளிய போனா அழகா திறக்கற டொமைன் பேரு வீட்டு வைஃபைக்கு வந்ததும் சுத்திக்கிட்டே நிக்கும், இல்லன்னா திறக்கும் ஆனா பிரவுசர் ஒவ்வொரு தடவையும் "இது பாதுகாப்பு இல்லாத சைட்"னு பயமுறுத்தும். வீட்ல மத்தவங்க ஒரு ரெண்டு தடவை பார்ப்பாங்க, அப்புறம் பழையபடி ஏதாவது பெரிய கம்பெனி ஆப்புக்கே போயிருவாங்க. அதனால இதை ஒழுங்கா செட் பண்றது ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கிறேன், சர்வர்ல எத்தனை ஆப் ஓடுதுங்கறதை விட இது முக்கியம்.

நமக்கு கடைசில என்ன வேணும்னு முதல்ல தெளிவா வச்சுக்குவோம். உள்ள இருந்தாலும் வெளிய இருந்தாலும் ஒரே பேரு, வீட்டுக்குள்ள இருக்கறப்போ டேட்டா வீட்டு ரவுட்டரைத் தாண்டி வெளிய போகவே கூடாது, இன்டர்நெட் லைன் அறுந்து கிடந்தாலும் வீட்டுக்குள்ள போட்டோவும் படமும் திறக்கணும். இந்த மூணாவது தான் உண்மையான பரீட்சை. அதுல பாஸ் ஆச்சுன்னா மத்த ரெண்டும் பெரும்பாலும் சரியா இருக்கும்.

வேலையை வரிசையா பண்ணுங்க, ஐபி, அப்புறம் போர்ட், அப்புறம் பேரு, கடைசியா செர்டிபிகேட் (சைட் உண்மையானது தான்னு பிரவுசருக்கு காட்டற சான்று). ஒண்ணு சரியா ஓடுதுன்னு கண்ணால பார்க்காம அடுத்ததுக்கு போனா, பின்னாடி ஏதாவது உடையும்போது எந்த இடத்துல உடைஞ்சதுன்னே கண்டுபிடிக்க முடியாது.

ஐபி நகரக் கூடாது

ரவுட்டர் ஒவ்வொரு டிவைஸுக்கும் டிஹெச்சிபி (தானா விலாசம் பங்கு போடற முறை) மூலமா ஒரு ஐபி விலாசம் குடுக்கும், அது வாடகை மாதிரி தான், காலம் முடிஞ்சா மாறலாம். சர்வரோட ஐபி மாறினா அதுக்கு மேல கட்டினது எல்லாம் போச்சு. அதனால ரவுட்டர் செட்டிங்ஸ்ல டிஹெச்சிபி ரிசர்வேஷன்னு ஒண்ணு இருக்கும், சில ரவுட்டர்ல அட்ரஸ் ரிசர்வேஷன், ஸ்டாடிக் லீஸ்னு பேரு வேற இருக்கும், அங்க போய் சர்வரோட மேக் அட்ரஸுக்கு (நெட்வொர்க் கார்டோட அடையாள நம்பர்) ஒரு ஐபியை நிரந்தரமா கட்டிவிடுங்க. சர்வர்லயே நேரா ஸ்டாடிக் ஐபி போடறதும் ஒரு வழி, ஆனா அப்போ அந்த ஐபி ரவுட்டர் தானா பங்கு போடற ரேஞ்சுக்கு வெளிய இருக்கணும், இல்லன்னா ஒரு நாள் அதே நம்பரை ரவுட்டர் ஒரு போனுக்கு குடுத்துரும், ரெண்டும் மாறி மாறி தொங்கும். நான் சொல்றது ரிசர்வேஷன் தான், எல்லா விலாசமும் ஒரே இடத்துல தெரியும். சர்வரே வீட்டுக்கு டிஎன்எஸ்ஸும் (பேரை ஐபியா மாத்தி சொல்றது) டிஹெச்சிபியும் குடுக்கப் போகுதுன்னா மட்டும் அதுல ஸ்டாடிக்கா போட்டுருங்க, விலாசம் பங்கு போடறவனே இன்னொருத்தன்கிட்ட விலாசம் கேட்டு நிக்கக் கூடாது.

சர்வர்ல வயரும் வைஃபையும் ரெண்டும் ஆன்ல இருந்தா ரெண்டு மேக் அட்ரஸ், ரெண்டு ஐபி. வயரை மட்டும் வச்சுக்கிட்டு வைஃபையை ஆஃப் பண்ணிருங்க. அப்படியே லிங்க் ஸ்பீடையும் ஒரு தடவை பாருங்க, கிகாபிட்டுக்கு கேபிள்ல நாலு ஜோடி கம்பியும் வேலை செய்யணும், ஒரு ஜோடி உள்ள அறுந்திருந்தா சத்தமே இல்லாம 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிரும், சர்வர் ஸ்லோன்னு திட்டிக்கிட்டு இருப்பீங்க, குத்தம் கேபிள்ல இருக்கும்.

இன்னொண்ணு, இதை ஆரம்பத்துலயே பண்ணா தான் சுலபம். வீட்டுக்குள்ள பயன்படுத்தறதுக்குன்னு 1996ல வந்த ஆர்எஃப்சி 1918ங்கற இன்டர்நெட் விதி ஆவணம் மூணு ரேஞ்சை ஒதுக்கி வச்சிருக்கு, 10.0.0.0ல இருந்து 10.255.255.255 வரைக்கும், 172.16ல இருந்து 172.31 வரைக்கும், அப்புறம் 192.168 முழுசும். பெரும்பாலான ரவுட்டர் 192.168.0 இல்லன்னா 192.168.1ல தான் வரும். நாளைக்கு நீங்க வெளிய இன்னொரு வைஃபைல உக்காந்து விபிஎன் (வெளிய இருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள்ள வர்ற ரகசிய வழி) மூலமா வீட்டுக்கு வரணும்னா, அந்த இடமும் 192.168.1ஆ இருந்தா, 192.168.1.10ங்கறது இங்க இருக்கறதா வீட்ல இருக்கறதான்னு லேப்டாப்புக்கு குழப்பம் வந்து எதுவும் போய் சேராது. அதனால யாரும் சட்டுனு எடுக்காத ஒரு நம்பரா மாத்திக்கங்க. நான் இந்த பதிவுல 192.168.57னு வச்சுக்கறேன், ரவுட்டர் 192.168.57.1, சர்வர் 192.168.57.10.

வீட்ல ரெண்டு ரவுட்டர் இருக்கா, லைன் குடுத்தவங்க வச்ச டப்பா ஒண்ணு, நீங்க வாங்கினது ஒண்ணுன்னு? அப்போ நீங்க தனியா எதுவும் மாத்தலன்னா ரெண்டு நெட்வொர்க் ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கும். முதல் டப்பாவோட வைஃபைல இருக்கற டிவி, ரெண்டாவது ரவுட்டருக்கு பின்னாடி இருக்கற சர்வரை பார்க்கவே முடியாது. முதல் டப்பாவை பிரிட்ஜ் மோட்ல (ரவுட்டர் வேலை பண்ணாம லைனை மட்டும் கடத்தற மோட்) போடுங்க, அது முடியலன்னா ரெண்டாவதை ஆக்சஸ் பாயிண்ட் மோட்ல (வைஃபை மட்டும் குடுக்கற மோட்) போடுங்க, அந்த மோட் இல்லாத ரவுட்டர்னா அதோட டிஹெச்சிபியை ஆஃப் பண்ணி அதோட ஐபியை முதல் டப்பாவோட ரேஞ்சுக்கு மாத்திட்டு, கேபிளை வான் போர்ட்ல (இன்டர்நெட் பக்கம்) சொருகாம லேன் போர்ட்ல (வீட்டு பக்கம்) சொருகினா போதும், அதே வேலை தான்.

இப்போ நம்பரை வச்சு மட்டும் திறங்க

பேரு, செர்டிபிகேட் எதையும் யோசிக்காதீங்க. இன்னொரு லேப்டாப்ல இருந்து 192.168.57.10, முக்காப்புள்ளி, போர்ட் நம்பர் அடிச்சு பாருங்க, ஜெல்லிஃபின்னா 8096, இம்மிச்னா 2283, ஹோம் அசிஸ்டன்ட்னா (வீட்டு லைட், சென்சாரை இயக்கற ஆப்) 8123. திறந்தா அடுத்த வேலைக்கு போங்க. திறக்கலன்னா பிரவுசர் என்ன எரர் காட்டுதுன்னு நிதானமா படிங்க, அதுலயே பாதி விடை இருக்கு. கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டுன்னு உடனே வந்தா, பெரும்பாலும் உங்க ரிக்வெஸ்ட் சர்வர் வரைக்கும் போயிருச்சு, அந்த போர்ட்ல தான் யாரும் காத்துக்கிட்டு இல்ல. அதுக்கு ஆப் ஓடாம இருக்கலாம், இல்லன்னா ஆப் 127.0.0.1ல மட்டும் காத்துக்கிட்டு இருக்கலாம், அதாவது அந்த மெஷினுக்குள்ள இருந்து வர்றவங்களுக்கு மட்டும் கதவு திறந்திருக்கு. லினக்ஸ்ல எஸ்எஸ் கமாண்ட் போட்டா எந்த போர்ட் எந்த விலாசத்துல காத்திருக்குன்னு காட்டும், அங்க 0.0.0.0ன்னோ நட்சத்திரக் குறியோ இருந்தா எல்லாருக்கும் திறந்திருக்கு.

டைம்ட் அவுட்னு ரொம்ப நேரம் சுத்திட்டு வந்தா கதை வேற, வழில யாரோ பாக்கெட்டை முழுங்கறாங்க. சர்வர்ல இருக்கற ஃபயர்வாலை பாருங்க, உபுண்டுல யூஎஃப்டபிள்யூ, விண்டோஸ்னா அந்த நெட்வொர்க் பப்ளிக்னு குறிச்சிருக்கா பிரைவேட்னு குறிச்சிருக்கான்னு பாருங்க, பப்ளிக்ல இருந்தா உள்ள வர்ற கனெக்‌ஷன் நிறைய தடுக்கப்படும். லேப்டாப்ல இருந்து போகுது போன்ல இருந்து மட்டும் போகலன்னா போன் கெஸ்ட் வைஃபைல இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ரவுட்டர்ல ஏபி ஐசொலேஷன்னு ஒரு டிக் இருக்கும், அது வைஃபை டிவைஸ்களை ஒண்ணோட ஒண்ணு பேசவிடாது, சில ரவுட்டர்ல வயர்ல இருக்கறதையும் சேத்து மறைச்சிரும்.

டாக்கர் (ஒவ்வொரு ஆப்பையும் கன்டெய்னர்ங்கற தனி பெட்டில ஓட்டற கருவி) பயன்படுத்தறவங்க ஒண்ணை கண்டிப்பா தெரிஞ்சுக்கணும், டாக்கர் ஒரு போர்ட்டை பப்ளிஷ் பண்ணா அது ஐபிடேபிள்ஸ்ல (லினக்ஸோட அடிப்படை ஃபயர்வால்) நேரா ரூல் எழுதிரும், யூஎஃப்டபிள்யூல நீங்க அந்த போர்ட்டை மூடியிருந்தாலும் வெளிய இருந்து திறந்து தான் இருக்கும். மூடிட்டோம்னு நிம்மதியா இருக்காதீங்க.

பேரு வைக்கறது

நம்பர்ல திறந்துருச்சு. இப்போ பேரு. என்ன பேரு வைக்கறதுங்கறதுலயே நிறைய பேர் மாட்டிக்கறாங்க. டாட் லோக்கல்னு முடியற பேரை டிஎன்எஸ்ல எழுதாதீங்க, அது 2013ல வந்த ஆர்எஃப்சி 6762 படி எம்டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கினது, ஆப்பிள் டிவைஸ்ல பான்ஜோர், லினக்ஸ்ல அவாஹி இதெல்லாம் அந்த பேரை டிஎன்எஸ் சர்வர்கிட்ட கேக்காம நெட்வொர்க் முழுக்க கூவி கேக்கும், நீங்க டிஎன்எஸ்ல எழுதினது சில டிவைஸுக்கு தெரியும் சிலதுக்கு தெரியாது. டாட் டெவ்வும் வேண்டாம், அது உண்மையான டொமைன், போதாததுக்கு பிரவுசர்கள் அதை எச்டிடிபிஎஸ் இல்லாம திறக்கவே விடாது. வீட்டுக்குன்னே ஒதுக்கின பேரு ஹோம்.ஆர்பா, 2018ல ஆர்எஃப்சி 8375 மூலமா வந்துச்சு, டாட் இன்டர்னலையும் 2024ல டொமைன் பேர்களை நிர்வகிக்கற ஐகேன் தனிப்பட்ட நெட்வொர்க்குக்குன்னு ஒதுக்கி வச்சிருச்சு. இது ரெண்டும் சரியான பேரு தான், காசும் கிடையாது. ஒரே குறை, இதுக்கு உலகம் நம்பற செர்டிபிகேட் யாரும் தர மாட்டாங்க.

அதனால முடிஞ்சா சொந்தமா ஒரு டொமைன் வாங்கிருங்க, இந்த வேலைல காசு போடறதுக்கு தகுதியான இடம் இதுன்னு தான் நான் சொல்லுவேன். உங்க டொமைன் எக்ஸாம்பிள்.காம்னு வச்சுக்குவோம். வீட்டுக்குன்னு அதுக்கு கீழ தனியா ஒரு கிளை, ஹோம்.எக்ஸாம்பிள்.காம், அதுக்கு கீழ போட்டோஸ்.ஹோம்.எக்ஸாம்பிள்.காம், படம்.ஹோம்.எக்ஸாம்பிள்.காம்னு வரிசையா. இந்த கிளை எதுக்குன்னா, பின்னாடி வீட்டு டிஎன்எஸ்ல "இந்த பேருக்கு கீழ இருக்கறது எல்லாமே 192.168.57.10"னு ஒரே வரில எழுதப் போறோம், அதை நேரா எக்ஸாம்பிள்.காமுக்கு எழுதினா உங்க மெயில், வெளிய ஓடற வெப்சைட் எல்லாமே வீட்டுக்குள்ள இருந்து பார்த்தா சர்வர் பக்கம் திரும்பிரும்.

வெளிய திறக்கறது ஏன் உள்ள திறக்கல

இதை கொஞ்சம் விவரமாவே சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சா பாதி குழப்பம் போயிரும். நீங்க போர்ட் ஃபார்வர்டிங் (வெளிய இருந்து ஒரு போர்ட்டுக்கு வர்றதை ரவுட்டர் சர்வருக்கு தள்ளிவிடறது) பண்ணி, பொது டிஎன்எஸ்ல உங்க வீட்டு பொது ஐபியை எழுதி வச்சிருக்கீங்க. வெளிய இருந்து வர்றவன் அந்த ஐபிக்கு வருவான், ரவுட்டர் அவனை 192.168.57.10க்கு அனுப்பும், பதிலும் ரவுட்டர் வழியாவே திரும்பி போகும், எல்லாம் சரி. இப்போ வீட்டுக்குள்ள இருக்கற லேப்டாப் அதே பேரை கேக்குது, பொது ஐபி கிடைக்குது, பாக்கெட் ரவுட்டருக்கு போகுது. ரவுட்டர் போய் சேர வேண்டிய விலாசத்தை மட்டும் சர்வரோடதா மாத்தி அனுப்புதுன்னு வச்சுக்கங்க, அனுப்பினவர் விலாசம் லேப்டாப்போட உள்ளூர் ஐபியாவே இருக்கு. சர்வர் அதை பார்த்துட்டு "அட இவன் நம்ம நெட்வொர்க் ஆளு தானே"ன்னு ரவுட்டரை தொடாம லேப்டாப்புக்கே நேரா பதில் அனுப்பிரும். லேப்டாப் கேட்டது பொது ஐபிகிட்ட, பதில் வந்தது 192.168.57.10 கிட்ட இருந்து. முன் வாசல்ல நின்னு ஒருத்தரை கூப்பிட்டா பின் வாசல்ல இருந்து தெரியாத ஆள் பதில் சொல்ற மாதிரி. லேப்டாப் அந்த பதிலை குப்பைல போட்டுட்டு காத்துக்கிட்டே இருக்கும்.

இதை சரி பண்ற வசதிக்கு பேரு தான் ஹேர்பின் நாட், நாட் லூப்பேக்னும் சொல்லுவாங்க, அதுல ரவுட்டர் அனுப்பினவர் விலாசத்தையும் தன்னோடதா மாத்திரும், பதில் தன்கிட்டயே திரும்பி வரும். நிறைய ரவுட்டர்ல இது இருக்கு, சிலதுல இல்ல. இருந்தா ஆன் பண்ணிட்டு போயிரலாமேன்னு தோணும், நான் வேண்டாம்னு சொல்லுவேன். சர்வர் லாக்ல வீட்ல இருந்து வர்ற எல்லாரும் ரவுட்டரோட ஐபியாவே தெரிவாங்க. ஸ்விட்ச்லயே நேரா போக வேண்டிய ட்ராஃபிக் ரவுட்டரோட சின்ன ப்ராசஸர் மேல ஏறும். இன்டர்நெட் போச்சுன்னா பொது டிஎன்எஸ்ஸை கேக்க முடியாது, பேருக்கு விடை கிடைக்காது, பக்கத்து ரூம்ல சர்வர் நல்லா ஓடிக்கிட்டு இருக்கும், உங்களால போட்டோ பார்க்க முடியாது. உங்க லைன் சிஜிநாட்டுக்கு (ஒரே பொது ஐபியை நிறைய வீட்டுக்கு பங்கு போடறது) பின்னாடி இருந்தா, ரவுட்டரோட வான் ஐபி பெரும்பாலும் 100.64ல இருந்து 100.127க்குள்ள இருக்கும், அப்போ போர்ட் ஃபார்வர்டிங்கே வேலைக்கு ஆகாது.

சரியான வழி ஸ்பிளிட் டிஎன்எஸ். அதே பேரு, வெளிய கேட்டா வெளி விலாசம், உள்ள கேட்டா 192.168.57.10. அவ்வளவு தான் விஷயம்.

வீட்டுக்கு ஒரு டிஎன்எஸ்

முதல்ல உங்க ரவுட்டர்லயே லோக்கல் டிஎன்எஸ் ரெக்கார்ட் எழுத முடியுமான்னு பாருங்க. ஓபன்டபிள்யூஆர்டி, ஓபிஎன்சென்ஸ், மைக்ரோடிக் இதுலெல்லாம் முடியும், முடிஞ்சா அதுவே ரொம்ப நல்லது, ரவுட்டர் எப்பவும் ஆன்ல தான இருக்கும். முடியலன்னா பை-ஹோல் இல்லன்னா ஆட்கார்ட் ஹோம் போடுங்க. ரெண்டும் விளம்பரம் தடுக்கறதுக்குன்னு பேர் வாங்கினது, ஆனா நமக்கு வேண்டியது அதுல இருக்கற உள்ளூர் ரெக்கார்ட் வசதி. ஆட்கார்ட் ஹோம்ல டிஎன்எஸ் ரீரைட்ஸ்னு ஒரு பக்கம் இருக்கு, அங்க நட்சத்திரக் குறி, புள்ளி, ஹோம்.எக்ஸாம்பிள்.காம்னு எழுதி விலாசத்துல 192.168.57.10 போட்டா முடிஞ்சது. பை-ஹோல்ல லோக்கல் டிஎன்எஸ் பக்கத்துல ஒவ்வொரு பேரா எழுதலாம், மொத்தமா வேணும்னா அதுக்கு உள்ள ஓடற டிஎன்எஸ்மாஸ்க் கான்ஃபிக்ல ஒரு அட்ரஸ் வரி சேக்கணும்.

உபுண்டு சர்வர்ல இதை நிறுவும்போது 53ம் போர்ட் ஏற்கனவே யாரோ பிடிச்சிருக்காங்கன்னு எரர் வரலாம், அது சிஸ்டம்டி-ரிசால்வ்டு, 127.0.0.53ல உக்காந்திருக்கும். அதோட கான்ஃபிக் ஃபைல்ல டிஎன்எஸ் ஸ்டப் லிசனரை "நோ"ன்னு மாத்தி ரீஸ்டார்ட் பண்ணுங்க, அதோட ரிசால்வ்.கான்ஃப் இன்னும் அந்த பழைய விலாசத்தையே காட்டுதான்னும் பாருங்க, காட்டிச்சுன்னா சர்வருக்கே இன்டர்நெட் பேரு எதுவும் தெரியாம போயிரும்.

அப்புறம் வீட்ல எல்லா டிவைஸும் இந்த டிஎன்எஸ்ஸை தான் கேக்கணும். ரவுட்டர்ல டிஎன்எஸ் எழுதற இடம் ரெண்டு இருக்கும், ஒண்ணு வான் பக்கம், அது ரவுட்டர் யாரை கேக்கணும்ங்கறது, இன்னொண்ணு லேன்ல டிஹெச்சிபி பக்கம், அது டிவைஸ்களுக்கு யாரை கேக்கச் சொல்லி குடுக்கணும்ங்கறது. நமக்கு வேண்டியது இந்த ரெண்டாவது. அந்த இடத்தையே பூட்டி வச்ச ரவுட்டரா இருந்தா ரவுட்டரோட டிஹெச்சிபியை ஆஃப் பண்ணிட்டு பை-ஹோலையோ ஆட்கார்ட் ஹோமையோ டிஹெச்சிபி குடுக்க வைக்கலாம், ரெண்டுலயும் அந்த வசதி இருக்கு. மாத்தினதும் போன்ல வைஃபையை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, அப்போ தான் புதுசு கிடைக்கும்.

இரண்டாவது டிஎன்எஸ்னு ஒரு கட்டம் காலியா இருக்கும், கை பரபரக்கும், 8.8.8.8னோ 1.1.1.1னோ நிரப்பத் தோணும். நிரப்பாதீங்க. முதலாவது செத்தா தான் ரெண்டாவதை கேக்கும்னு நிறைய பேர் நம்பறாங்க, எல்லா டிவைஸும் அப்படி நடந்துக்காது, சிலது தோணினப்போ தோணினதை கேக்கும். விளைவு, நேத்து திறந்த பேரு இன்னைக்கு திறக்காது, நாளைக்கு மறுபடி திறக்கும், காரணமே பிடிபடாது. ரெண்டாவது வேணும்னா இன்னொரு சின்ன மெஷின்ல அதே ரெக்கார்டுகளோட இன்னொரு டிஎன்எஸ் வச்சு அதை குடுங்க. இது வீணான ஆடம்பரம் இல்ல, டிஎன்எஸ் இருக்கற சர்வரை நீங்க ரீஸ்டார்ட் பண்ணா வீடு முழுக்க இன்டர்நெட் நின்ன மாதிரி தான் தெரியும், யாராவது மீட்டிங்ல இருப்பாங்க.

பேரு சரியா போகுதான்னு பார்க்க என்எஸ்லுக்கப் கமாண்டை அந்த பேரோட போடுங்க, 192.168.57.10 வரணும். என்எஸ்லுக்கப் டிஎன்எஸ்ஸை நேரா கேக்கும், ஹோஸ்ட்ஸ் ஃபைலை (அந்த கம்ப்யூட்டர்லயே பேருக்கு ஐபி எழுதி வைக்கற ஃபைல்) பார்க்காது, பிங் தான் சிஸ்டம் எப்படி பார்க்குதோ அப்படி பார்க்கும், ரெண்டுக்கும் விடை வேற வேறயா வந்தா ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல பழைய வரி ஏதாவது இருக்கு, இல்லன்னா பழைய விடை கேஷ்ல இருக்கு. விண்டோஸ்ல ஐபிகான்ஃபிக் கமாண்டை ஃப்ளஷ்டிஎன்எஸ்ஸோட ஓட்டினா கேஷ் காலி ஆயிரும்.

என்எஸ்லுக்கப்ல சரி, பிரவுசர்ல மட்டும் தப்பா போகுதா? பிரவுசர் தன்னோட தனி டிஎன்எஸ்ஸை எச்டிடிபிஎஸ் வழியா கேக்குது. செட்டிங்ஸ்ல செக்யூர் டிஎன்எஸ்னு தேடி ஆஃப் பண்ணுங்க. ஆண்ட்ராய்டு 9ல இருந்து பிரைவேட் டிஎன்எஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல ஏதாவது பேரு எழுதியிருந்தா வீட்டு டிஎன்எஸ்ஸை அது திரும்பிக்கூட பார்க்காது, ஆட்டோமேட்டிக்னு விட்டுருங்க. ஐபோன்ல பிரைவேட் ரிலே, எந்த போன்லயும் எப்பவும் ஆன்ல இருக்கற விபிஎன் ஆப், இதையும் சந்தேகப்படுங்க.

இதை விட தந்திரமானது ஐபிவி6, அதாவது புது வகை நீளமான ஐபி விலாசம், இதுவரைக்கும் பார்த்ததெல்லாம் ஐபிவி4. ஐபிவி4ல எல்லாம் சரியா பண்ணிட்டு, ரவுட்டர் ஐபிவி6 அறிவிப்புல லைன் குடுத்தவங்களோட டிஎன்எஸ்ஸை கூடவே பரப்பிக்கிட்டு இருக்கும், போன் அதை பிடிச்சுக்கும். ரவுட்டரோட ஐபிவி6 பக்கத்துல அந்த டிஎன்எஸ் அறிவிப்பை நிறுத்துங்க, இல்லன்னா உங்க டிஎன்எஸ் மெஷினோட ஐபிவி6 விலாசத்தை குடுங்க. அதே மாதிரி, பொது டிஎன்எஸ்ல அந்த பேருக்கு ஏஏஏஏ ரெக்கார்ட் (அந்த பேரோட ஐபிவி6 விலாசம்) இருந்தா, உதாரணத்துக்கு க்ளவுட்ஃப்ளேர் ப்ராக்ஸி வழியா விட்டிருந்தா இருக்கும், சில செட்டப்ல வீட்டு டிஎன்எஸ் ஐபிவி4 கேள்விக்கு மட்டும் உள்ளூர் விடை சொல்லிட்டு ஐபிவி6 கேள்வியை வெளிய தள்ளிவிட்டுரும். போன் ஐபிவி6ஐ விரும்பி எடுக்கும், உங்க போட்டோ ஊர் சுத்தி வரும். என்எஸ்லுக்கப்ல ஏஏஏஏ கேட்டு பாருங்க, வெளி விலாசம் எதுவும் வரக் கூடாது.

லோக்கல் டிஎன்எஸ்ஸே வேண்டாம், பொது டிஎன்எஸ்லயே 192.168.57.10னு எழுதிட்டா என்னன்னு கேப்பாங்க. ஓடும், வெளிய இருந்து அந்த விலாசத்தை வச்சு யாராலயும் உள்ள வரவும் முடியாது. ஆனா நிறைய ரவுட்டர் டிஎன்எஸ் ரீபைண்டிங் தாக்குதலுக்கு பயந்து, வெளி டிஎன்எஸ் உள்ளூர் விலாசத்தை விடையா சொன்னா அதை தூக்கி போட்டுரும், அந்த டொமைனுக்கு விலக்கு எழுதணும். இன்டர்நெட் போனா இதுவும் போகும்ங்கறதால எனக்கு இதுல திருப்தி இல்ல.

ஒரே ஒரு கம்ப்யூட்டர்னா ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல ஒரு வரி போதும், சோதனை பண்ண அருமையான வழி, ஆனா போன்லயும் டிவிலயும் அதை சாதாரணமா தொட முடியாது.

போர்ட் நம்பரை ஒழிக்கறதும் செர்டிபிகேட்டும்

பேரு வந்துருச்சு, ஆனா இன்னும் 8096னு பின்னாடி ஒட்டிக்கிட்டு இருக்கு. டிஎன்எஸ் போர்ட்டை பத்தி கவலைப்படாது, அதனால முன்னாடி ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸி வைக்கணும், கேடி, என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸி மேனேஜர், ட்ரீஃபிக் எதுவா இருந்தாலும் சரி. அது 80லயும் 443லயும் காத்திருந்து எந்த பேரை கேட்டு வந்தாங்கன்னு பார்த்து அந்தந்த ஆப்புக்கு அனுப்பும். புதுசா ஆரம்பிக்கறவங்க க்ளிக் பண்ணி செய்யணும்னா என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸி மேனேஜர், ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதறது பிடிக்கும்னா கேடி.

ப்ராக்ஸி டாக்கர்ல ஓடினா, அதுக்குள்ள லோக்கல்ஹோஸ்ட்னா அந்த கன்டெய்னரே தான், சர்வர் இல்ல. ஆப்பையும் ப்ராக்ஸியையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்ல போட்டு கன்டெய்னர் பேரை எழுதுங்க. நெக்ஸ்ட்க்ளவுட் "இந்த டொமைனை நம்பல"ன்னு சொன்னா அதோட ட்ரஸ்டட் டொமைன்ஸ்ல பேரை சேருங்க, ஹோம் அசிஸ்டன்ட் 400னு எரர் குடுத்தா அதோட ட்ரஸ்டட் ப்ராக்ஸீஸ்ல ப்ராக்ஸியோட ஐபியை சேருங்க. என்ஜின்எக்ஸை கையால கான்ஃபிக் பண்றவங்களுக்கு 413 எரர் வந்தா, அப்லோடு அளவு இயல்பா 1 எம்பி தான், ஒரு போட்டோவே தாண்டிரும், அதை ஏத்துங்க.

செர்டிபிகேட்டுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட், அதை இலவசமா தர்ற அமைப்பு. எதுவும் வெளிய திறக்காத சர்வருக்கு எப்படி தருவாங்கன்னு சந்தேகம் வரும், அதுக்கு தான் டிஎன்எஸ்-01 முறை. உங்க டொமைனோட பொது டிஎன்எஸ்ல ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டை (வெறும் எழுத்து வரி) எழுதி காட்டினா டொமைன் உங்களோடது தான்னு ஒத்துக்குவாங்க, ஒரு போர்ட் கூட திறக்க வேண்டியதில்ல. டிஎன்எஸ் கம்பெனில ஒரு ஏபிஐ டோக்கன் (ப்ரோக்ராம் உள்ள போறதுக்கான சாவி) எடுத்து ப்ராக்ஸிகிட்ட குடுத்தா அதுவே எழுதி, வாங்கி, 90 நாள் செர்டிபிகேட்டை தானா புதுப்பிச்சுக்கும். டோக்கனுக்கு அந்த ஒரு டொமைனோட டிஎன்எஸ்ஸை மாத்தற உரிமை மட்டும் குடுங்க, மொத்த அக்கவுண்ட் சாவியை குடுக்காதீங்க. கேடில உங்க டிஎன்எஸ் கம்பெனிக்கான ப்ளகின் சேத்து பில்டு பண்ணது வேணும், சாதாரணமா வர்றதுல அது இருக்காது. வாங்கறப்போ வைல்ட்கார்டா (அந்த கிளைக்கு கீழ இருக்கற எல்லா பேருக்கும் ஒண்ணு) வாங்குங்க, ஏன்னா வெளியிடற ஒவ்வொரு செர்டிபிகேட்டும் யார் வேணா பார்க்கற பொது பதிவுல ஏறும், தனித்தனியா வாங்கினா உங்க வீட்ல என்னென்ன ஓடுதுன்னு பேரோட பட்டியல் அங்க கிடைக்கும்.

சொந்தமா செர்டிபிகேட் அத்தாரிட்டி (செர்டிபிகேட் குடுக்கற அமைப்பு) உருவாக்கறதும் உண்டு, ஹோம்.ஆர்பா பேரு வச்சவங்களுக்கு அது தான் வழி. ஒவ்வொரு டிவைஸ்லயும் அதை ஏத்தணும், ஆண்ட்ராய்டு 7ல இருந்து ஆப்கள் நீங்க ஏத்தின அத்தாரிட்டியை இயல்பா நம்பாது, பிரவுசர்ல எச்சரிக்கை இல்லாம திறக்கும், ஆப்ல திறக்காது.

வெளிய இருந்து வர்றது பத்தி ஒரே வார்த்தை, வீட்டுக்குள்ள மட்டும் போதும்னா போர்ட் ஃபார்வர்டிங் எல்லாத்தையும் அழிச்சிருங்க, யூபிஎன்பியையும் (டிவைஸ்களே ரவுட்டர்ல போர்ட் திறந்துக்கற வசதி) ஆஃப் பண்ணுங்க. வெளிய இருந்தும் வேணும்னா வயர்கார்டோ டெயில்ஸ்கேலோ போட்டு, விபிஎன் ஆன்ல இருக்கறப்போ வீட்டு டிஎன்எஸ்ஸையே கேக்கற மாதிரி குடுங்க, வீட்டு நெட்வொர்க்குக்கு ரூட்டும் அதுலயே சேத்து விடுங்க, அதே பேரு அப்படியே திறக்கும்.

இப்போ பரீட்சை

ரவுட்டர்ல இன்டர்நெட் வர்ற கேபிளை உருவுங்க. போன்ல மொபைல் டேட்டாவையும் ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா போன் "இந்த வைஃபைல நெட் இல்ல"ன்னு டேட்டாவுக்கு தாவிரும். இப்போ போட்டோஸ்.ஹோம்.எக்ஸாம்பிள்.காம் திறக்கணும், எச்டிடிபிஎஸ்ல, எச்சரிக்கை இல்லாம. திறக்கலன்னா வந்த வழியே திரும்பி போங்க, நம்பரும் போர்ட்டும் வச்சு திறக்குதான்னு பாருங்க, திறந்தா என்எஸ்லுக்கப் பாருங்க, அதுவும் சரின்னா ப்ராக்ஸியோட லாக்ல ரிக்வெஸ்ட் வந்திருக்கான்னு பாருங்க, இந்த மூணுல ஒண்ணுல கண்டிப்பா மாட்டும்.

கேபிளை திரும்ப சொருகிட்டு இன்னொரு சோதனையும் பண்ணுங்க, சர்வரை முறையா ஷட்டவுன் பண்ணிட்டு அதோடயும் ரவுட்டரோடயும் ஸ்விட்சை அணைச்சு, கரண்ட் போய் வந்த மாதிரி ரெண்டையும் ஒரே நேரத்துல போடுங்க. சர்வரோட பயாஸ்ல கரண்ட் வந்ததும் தானா ஆன் ஆகற ஆப்ஷன் இருக்கும், அதை ஆன்ல வைங்க. டாக்கர் கன்டெய்னர் எல்லாத்துக்கும் ரீஸ்டார்ட் பாலிசி இருக்கான்னு பாருங்க, டிஎன்எஸ் கன்டெய்னருக்கு முக்கியமா. யாரும் எதையும் தொடாம கொஞ்ச நிமிஷத்துல போன்ல பேரு திறந்தா, பிரவுசர்ல புக்மார்க் போட்டு வீட்ல எல்லார் போன்லயும் ஹோம் ஸ்க்ரீன்ல வச்சு குடுத்துருங்க.